தீயில் கருங்கல் ஏன் உடைகிறது?

கேள்வி இதுதான்: 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. எரிந்தது கடைகளும் சரக்கும். கல் எரியாத பொருள். அப்படியிருக்க கல்தூண்களும் கூரையும் எப்படி உடைந்து விழுந்தன? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: தீக்குப் பிறகும் நின்றுகொண்டிருக்கும் ஒரு கல்தூணை நம்பலாமா?

இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஆனால் முதலாவதற்குப் பதில் தெரியாமல் அதற்குள் போக முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென் தமிழ்நாட்டின் பாறைகள் வெப்பத்துக்குப் புதியவை இல்லை. மதுரையைச் சுற்றியுள்ள பெரிய நிலப்பகுதியை நிலவியலில் 'மதுரை பிளாக்' என்றே அழைக்கிறார்கள். கொடைக்கானல் மலையடிவாரத்தில் கங்குவார்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிடைக்கும் சில பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமிக்கு அடியில் 900 டிகிரிக்கு மேல் சூடேறியவை. அவற்றிலுள்ள சாபிரின் போன்ற கனிமங்களை வைத்து இதைக் கணித்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் பாறை ஆய்வாளர்களுக்குத் தெரிந்த ஊர் அது. அவ்வளவு சூட்டில் பல லட்சம் ஆண்டுகள் கிடந்தும் அந்தப் பாறைகள் தூளாகவில்லை. ஆனால் ஒரு ராத்திரி தீயில் கருங்கல் தூண் சிதறுகிறது. இரண்டிலும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியென்றால் கல்லை உடைத்தது வெறும் சூடு இல்லை. சூடு எவ்வளவு சீக்கிரம் ஏறியது, கல்லுக்குள் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பரவியது, கல்லைச் சுற்றி என்ன அழுத்தம் இருந்தது என்பவைதான் முடிவு செய்கின்றன. இனி நான் சொல்லப் போகும் எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும்.

உடைந்த கருங்கல் துண்டு ஒன்றை வெயிலில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி, ஒழுங்கான முகமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் மினுங்குவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ வெளிர் சிவப்பாகவோ, தட்டையான முகத்தில் பளிச்சென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாக ஏடு ஏடாக, நகத்தால் உரித்தால் வருவது காக்காப்பொன். ஒரே கல் என்று நாம் சொல்வது உண்மையில் இந்த மூன்று நான்கு கனிமங்கள் இண்டு இடுக்கு இல்லாமல் கோத்துக்கொண்ட ஒரு கூட்டம். இவற்றுக்கு நடுவில் சிமென்ட் மாதிரி எந்தப் பசையும் கிடையாது. ஒன்றோடொன்று நெருக்கமாகப் பின்னிக்கொண்டிருப்பதுதான் கருங்கல்லின் மொத்த பலமும்.

சூடேறினால் எல்லாமே விரியும். ஆனால் ஒரே அளவில் விரியாது. அறைச் சூட்டிலிருந்து 573 டிகிரியைத் தாண்டும்போது குவார்ட்ஸ் கனஅளவில் கிட்டத்தட்ட 4.5 சதவீதம் பெருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் அதில் பாதி அளவுகூடப் பெருப்பதில்லை. போதாக்குறைக்கு, ஒரே குவார்ட்ஸ் மணியே, அதாவது கல்லுக்குள் இருக்கும் ஒரு குவார்ட்ஸ் துகளே, ஒரு திசையில் இன்னொரு திசையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பல லட்சம் மணிகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கல்லில், ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியைத் தள்ளுகிறது. எல்லையில் நுண்விரிசல் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாது, கல் உடையவும் இல்லை. ஆனால் அந்தப் பின்னல் அவிழ ஆரம்பித்துவிட்டது. 200, 300 டிகிரி வரை பெரும்பாலான கருங்கல்லின் அமுக்க பலத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அதனால்தான் சமையல் மேடையில் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. 400-ஐத் தாண்டியதும் சரிவு தொடங்கி, 500-க்கும் 600-க்கும் நடுவில் சட்டென்று விழுகிறது.

அந்த 573 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் சரியாக அந்த இடத்தில் குவார்ட்ஸின் உள்கட்டமைப்பே மாறுகிறது. ஆல்ஃபா வடிவிலிருந்து பீட்டா வடிவுக்கு அணுக்கள் லேசாகத் திரும்பிக்கொள்கின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்டலியே 1889-இல் கண்டறிந்தது இது. அந்த இடத்தை நெருங்க நெருங்க விரிவு வேகமெடுக்கும், தாண்டியவுடன் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆறும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். மணிகள் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும், ஆனால் விழுந்த விரிசல் மூடாது. மண்பாண்டம், பீங்கான் சுடுகிறவர்கள் சூளையில் இந்தப் புள்ளியை மெதுவாகக் கடத்துவதற்கும் இதுவே காரணம்.

கட்டடத் தீ இந்தச் சூட்டுக்கு எவ்வளவு நேரத்தில் போகும்? கட்டடப் பொருள்களைச் சோதிக்க உலகெங்கும் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 834 என்ற வெப்ப வரைகோடு ஒன்று உண்டு. அதன்படி சோதனை உலையின் காற்று 5 நிமிடத்தில் 576 டிகிரி, அரை மணியில் 842, ஒரு மணி நேரத்தில் 945. துணி, பிளாஸ்டிக், மரப்பலகை எல்லாம் அடுக்கிய கடை வரிசையில் இந்த அளவு எட்டுவது அதிசயமில்லை. ஆனால் இது தீயைச் சுற்றியுள்ள காற்றின் சூடு. கல்லுக்குள் சூடு அவ்வளவு சுலபமாகப் போகாது. இங்கேதான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது.

கல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். இரும்போடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தோராயக் கணக்கு: பத்து நிமிடத்தில் சூடு கருங்கல்லுக்குள் இறங்கும் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர், ஒரு மணி நேரத்தில் ஆறு சென்டிமீட்டர். இரண்டடி கனமுள்ள தூணின் நடுப்பகுதிக்கு வெளியே தீ எரிகிறது என்பதே தெரியாது. தோல் மட்டும் தகிக்கிறது, உடம்பு குளிர்ந்திருக்கிறது. தோல் விரியப் பார்க்கிறது, உடம்பு விடமாட்டேன் என்கிறது.

இந்த இழுபறி எவ்வளவு பெரியது என்று எண்ணில் பார்த்தால்தான் புரியும். கருங்கல்லை ஒரு டிகிரி சூடாக்கி, விரியவிடாமல் இறுக்கிப் பிடித்தால், அதற்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ அழுத்தம் உண்டாகும். 100 டிகிரி வித்தியாசத்துக்கு 400 கிலோ. 500 டிகிரிக்கு 2,000 கிலோ. நல்ல கருங்கல்லை நசுக்கவே 1,500 முதல் 2,000 கிலோதான் வேண்டும். முழுக்க இறுக்கிப் பிடித்த கல்லுக்கான கணக்கு இது. நிஜத்தில் கல் கொஞ்சம் நெளிந்துகொடுக்கும், நுண்விரிசலும் விழும், அதனால் அழுத்தம் இதைவிடக் குறையும். ஆனாலும் தோல் ஏன் பொருக்குப் பொருக்காகப் பிய்த்துக்கொண்டு தெறிக்கிறது என்பது இப்போது விளங்கும். தீ நடக்கும்போது கேட்கும் படபட சத்தத்தில் பாதி அதுதான். இரண்டு பக்கமும் சூடு பாயும் மூலைகள் முதலில் போகும். சிற்பத் தூணில் யாளியின் கொம்பு, விரல், மூக்கு, மெல்லிய கொடிவேலை என்று சிற்பி மாதக்கணக்கில் உளியால் கொண்டுவந்ததெல்லாம் முதல் அரை மணியிலேயே உதிர்ந்துவிடும். இதை எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது.

சரி, தோல் உதிர்ந்தால் தூண் மெலியும், விழவேண்டிய அவசியமில்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். தூண் பெரும்பாலும் அமுக்கத்தில் நிற்கிறது, அமுக்கத்தைக் கல் நன்றாகத் தாங்கும். பலவீனம் மேலே இருக்கிறது. நம் மண்டபங்களில் தூணுக்குத் தூண் உத்திரமும், உத்திரத்துக்கு உத்திரம் கல்பலகையும் போட்டுக் கூரை அமைத்திருக்கிறார்கள். படுக்கையாகக் கிடக்கும் கல் தன் எடையிலேயே துளி வளைகிறது. அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. கல்லின் இழுபலமோ சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ, அமுக்க பலத்தில் பதினைந்தில் ஒன்று. அந்த அடிப்பக்கம்தான் தீயின் நாக்கு நேரே படுகிற பக்கம். சூடான புகை மேலே ஏறிக் கூரையடியில் தேங்குவதால் உத்திரத்துக்கும் கூரைப் பலகைக்கும் விழும் சூடு தூணின் அடிக்கு விழுவதைவிட அதிகம். அடிப்பக்கத்தில் நுண்விரிசல் நிறைந்து இழுபலம் போனால், இரும்புக் கம்பி எதுவும் இல்லாத கல் உத்திரத்துக்கு வேறு பிடிமானம் கிடையாது. கான்கிரீட் உத்திரமாக இருந்தால் கம்பி தாங்கும், தொய்ந்து எச்சரிக்கை கொடுக்கும். கல் எச்சரிக்காது. ஒரு உத்திரம் விழும்போது அது தூணையும் இடித்துச் சாய்த்துக்கொண்டு விழும். கல் மண்டபத் தீ எதிலும் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம் கூரைதான்.

அடுத்தது தண்ணீர். மேலே சொன்ன கணக்கை இப்போது திருப்பிப் போடுங்கள். சூடான கல்மேல் தண்ணீர் பட்டால் தோல் சட்டென்று சுருங்கும், உள்ளே இன்னும் சூடு. இப்போது தோல் இழுபடுகிறது. இழுபலம் 100 கிலோ, ஒரு டிகிரிக்கு 4 கிலோ. கணக்குப்படி 25 டிகிரி வித்தியாசமே போதும். நிஜத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும், ஆனால் தீயில் நூற்றுக்கணக்கான டிகிரி இருக்கிறது. அதற்காக எரியும் கட்டடத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உயிரைக் காக்க, தீ பரவாமல் தடுக்க வேறு வழியில்லை. எரியும் பொருள்மேல் அடிப்பது வேறு, ஏற்கெனவே தீ அணைந்து தகித்து நிற்கும் உத்திரத்தை அவசரமாகக் குளிர்விப்பது வேறு. பின்னதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது.

இந்த அறிவு புதிதும் இல்லை. வெடிமருந்து வருவதற்கு முன்னால் பாறை உடைத்ததே தீயை வைத்துத்தான். நார்வேயின் கோங்ஸ்பர்க் வெள்ளிச் சுரங்கத்தில் 19-ஆம் நூற்றாண்டிலும் இந்த முறை இருந்தது. தென்னிந்தியாவில் இதை ஒரு கலையாகவே வைத்திருந்தார்கள். 1895-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எச். வார்த் என்பவர் பெங்களூரு பக்கம் கருங்கல் பெயர்ப்பதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். விரிந்த பாறைமேல் விறகை ஒரு கோடாக அடுக்கி எரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பாறையைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். சத்தம் மாறியிருந்தால் அடியில் ஏடு விட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே எரியும் விறகை அப்படியே கொஞ்சம் முன்னால் தள்ளுவார்கள். இப்படி நெருப்புக்கோடு பாறைமேல் மெல்ல நகர நகர, அதன் கீழே சுமார் அரை அடி கனத்தில் ஒரு பெரிய ஏடு உடையாமல் பெயர்ந்து வரும். அதைப் பிறகு பலகைகளாக அறுத்துக்கொள்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். அதே தீ, அதே கல். அவசரப்பட்டால் சில்லுச் சில்லாகப் போகும், நிதானமாக நகர்த்தினால் பல அடி அகலப் பலகை கிடைக்கும். சூடு இறங்கும் ஆழத்தையும் வேகத்தையும் காதால் அளந்திருக்கிறார்கள் அந்தக் கல்தச்சர்கள். பாறைப் பொறியியலில் இதைவிட நயமான வேலையை நான் படித்ததில்லை.

இன்றைய குவாரியில் அதே தத்துவம் ஜெட் பர்னராக இருக்கிறது. எண்ணெயை அழுத்தக் காற்றிலோ ஆக்சிஜனிலோ எரித்து, சீறும் சுடரைக் கல்லில் பாய்ச்சினால் தோல் மணலாகத் தெறித்துக்கொண்டே போகும். கல் உருகுவதில்லை, உதிர்கிறது. கடைகளில் 'ஃப்ளேம்டு ஃபினிஷ்' என்று விற்கும் சொரசொரப்பான படிக்கல்லும் நடைபாதைக் கல்லும் இப்படிச் சுடரால் தோல் உரித்தவைதான். அடுத்த முறை கடைக்குப் போனால் அதைத் தடவிப் பாருங்கள். மேடாக இருக்கும் மணிகளும் குழியாக இருக்கும் மணிகளும் தனித்தனியாக விரலுக்குத் தட்டுப்படும். உளி வைத்துக் கொத்திய கல்லில் அப்படி இருக்காது. இந்த வேலை குவார்ட்ஸ் நிறைய உள்ள கல்லில்தான் நன்றாக வரும். விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கருப்பு மாதிரியான கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. அதில் சுடர் அவ்வளவு எடுபடாது. எனவே 'கருங்கல் தீயில் இத்தனை டிகிரி தாங்கும்' என்று ஒற்றை எண் சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். எந்தக் கருங்கல் என்று முதலில் கேளுங்கள்.

குவார்ட்ஸ் இல்லாத கல்லுக்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. கல்சட்டி. மாக்கல்லில் கடைந்தது, பெரும்பகுதி டால்க் என்ற மென்கனிமம். டால்க் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்கும், கல் விறைப்பாக இருக்காது. ஒரு டிகிரிக்கு இத்தனை கிலோ என்று பார்த்தோமே, விறைப்பு குறைந்தால் அந்த எண்ணும் குறையும். அதனால்தான் அடுப்பில் வைத்துக் குழம்பு கொதிக்க வைக்க முடிகிறது. ஆனாலும் புதுச் சட்டியைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றி மெல்ல மெல்லச் சூடேற்றிப் பழக்குகிறார்கள், சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றவிடமாட்டார்கள். முழுக்கச் சரியான பழக்கம். அதே மாதிரி, வெட்டவெளியில் அடுப்பு மூட்டும்போது ஆற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த கூழாங்கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள். நுண்துளைகளில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் கல் வெடித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து.

சலவைக்கல், சுண்ணாம்புக்கல் வேறு மாதிரி. இவற்றின் கனிமம் கால்சைட். அது சூட்டில் ஒரு திசையில் விரிந்துகொண்டே குறுக்குத் திசையில் சுருங்கும் விசித்திரப் பிறவி. அதனால் சலவைக்கல்லுக்குத் தீயே வேண்டாம், வெயில் போதும். ஹெல்சிங்கியில் 1971-இல் திறந்த ஃபின்லாந்தியா மண்டபத்தின் வெளிச்சுவருக்கு இத்தாலியக் கராரா சலவைக்கல் பலகைகளைப் பதித்தார்கள். அவை ஆண்டுகள் போகப்போக அப்பளம் மாதிரி வளைந்துபோயின. 1990-களின் இறுதியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள், புதியவையும் வளைந்தன. குளிர் நாட்டில், வெறும் வெயிலிலும் ஈரத்திலும் நடந்தது இது. தீ என்று வந்தால் கதை இன்னும் ஆழமாகப் போகும். 800, 900 டிகிரியில் கால்சைட் கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாக மாறும். 100 கிலோ கல்லில் 44 கிலோ காற்றோடு போய்விடும். கிளிஞ்சல் சுடும் காளவாயில் நடப்பதும் இதே வேலை. திருநாவுக்கரசரை அடைத்து வைத்ததாகச் சொல்லும் நீற்றறையும் இந்தச் சூளைதான். கருங்கல் தீயில் உடைகிறது. சுண்ணாம்புக்கல்லோ போதிய சூட்டில் கல்லாக இருப்பதையே விட்டுவிடுகிறது, அப்புறம் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொடியாகும்.

வெப்பம் கெடுதல் மட்டும்தான் செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகளின் செம்மை நினைவிருக்கலாம். அந்தக் கல்வகையைச் சாம்பலில் புதைத்து மெல்லச் சூடேற்றினால் அதிலுள்ள மஞ்சள் நிற இரும்புக் கனிமம் தண்ணீரை இழந்து சிவப்பாகும். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த நிறமாற்றம் 250, 300 டிகிரியில் நடக்கும். கடைசியில் இது நமக்குத் தேவைப்படும். இன்னொன்று காந்தத்தன்மை. பாறையிலுள்ள மேக்னடைட் 580 டிகிரியைத் தாண்டினால் தன் காந்தப் பதிவை இழக்கும், ஆறும்போது அன்றைக்குப் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அதைப் புதிதாகப் பதிந்துகொள்ளும். பழைய அடுப்பு, சூளை இவற்றின் காலத்தைக் கணிக்க இது ஒரு வழி.

இப்போது அந்த 55 கோடி ஆண்டுக் கேள்விக்கு வரலாம். 900 டிகிரியில் கிடந்த பாறை ஏன் உடையவில்லை? ஆழம் சுமார் 25, 30 கிலோமீட்டர். அங்கே அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப்போல் ஏழாயிரம், எட்டாயிரம் மடங்கு. விரிசல் விழ வேண்டுமென்றால் அது திறக்க இடம் வேண்டும், நாலா பக்கமும் அப்படி நெருக்கினால் திறக்க இடமில்லை. சூடேறியதும் லட்சக்கணக்கான ஆண்டுகளில், எனவே தோலுக்கும் உடம்புக்கும் வித்தியாசமே கிடையாது. மேலும் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் கனிமங்கள் மெல்ல நெளிந்துகொடுக்கும். குவார்ட்ஸ் ஏறக்குறைய 300 டிகிரியிலிருந்தே, ஃபெல்ட்ஸ்பார் இன்னும் மேலே போனால். ரஷ்யாவின் கோலா ஆழ்துளை 12,262 மீட்டரில் நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். எதிர்பார்த்ததைவிட அதிகமாக 180 டிகிரி சூடு, துளைபோட்ட பாறை இறுகி நிற்காமல் துளையை மூடப் பார்த்தது.

ஆழத்தில் நடக்கும் மாற்றம் வேதி மாற்றம். காக்காப்பொன், ஹார்ன்பிளெண்ட் போன்ற, தண்ணீரைக் கட்டிவைத்திருக்கும் கனிமங்கள் அதை விட்டுவிட்டு, பைராக்சின் என்ற உலர்ந்த கனிமமாக மாறுகின்றன. அப்படி உருவான பாறைகளில் ஒன்றுதான் சார்னோகைட். பல்லாவரம், நீலகிரி, சேர்வராயன் மலை, கொடைக்கானல் என்று நம் ஊரெங்கும் கிடக்கும் நீலச்சாம்பல் கருங்கல். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் இது. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். அதாவது சூடுதான் இந்தக் கல்லை இவ்வளவு உறுதியாக்கியது. ஆனால் மேலே வந்து அழுத்தம் விலகிய பிறகு, குளிர்ந்த கல்லில் அதே சூட்டை ஒரு பக்கமாக, ஒரு மணி நேரத்தில் காட்டினால் நெளிய நேரமும் இல்லை, இறுக்கிப் பிடிக்க ஆளும் இல்லை. உடைவது ஒன்றுதான் வழி.

இரண்டாவது கேள்வி. நிற்கிற தூணை நம்பலாமா?

கண்ணால் பார்த்து மட்டும் நம்பக் கூடாது. கண் இங்கே நேர் எதிராக ஏமாற்றும். கரி படிந்த கறுப்பு இடத்தைப் பார்த்து எல்லோரும் பதறுகிறார்கள், வெளுப்பாகச் சுத்தமாக இருக்கும் இடத்தை விட்டுவிடுகிறார்கள். கரி தங்கியிருக்கிறது என்றால் அந்த இடம் கரியே எரிந்துபோகும் அளவுக்குச் சூடாகவில்லை. சுற்றிலும் கறுத்து நடுவில் மட்டும் வெளுத்திருந்தால், அங்கே கரி எரிந்துபோயிருக்கலாம், சந்தேகம் முதலில் அங்கே வர வேண்டும். அதற்கடுத்து சிவப்பு. முன்பு சாம்பலாகவோ மஞ்சளாகவோ இருந்த கல் புதிதாகச் சிவந்திருந்தால் அந்தத் தோல் குறைந்தது 250, 300 டிகிரியைப் பார்த்துவிட்டது. பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி தீப்பிடித்த பிறகு, அதன் சுண்ணாம்புக்கற்கள் எவ்வளவு சூடாகின என்று கணிக்க இந்த நிறமாற்றமும் உதவியது. சிவப்பு எத்தனை சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று துளையிட்டுப் பார்த்தால் சூடு இறங்கிய ஆழம் தெரிந்துவிடும்.

அப்புறம் காது. நல்ல ஸ்தபதி கல்லை வாங்கும்போதே தட்டிக் கேட்பார். கணீரென்று வெண்கல மணி மாதிரி ஒலித்தால் ஆண் கல், சற்று மென்மையாக ஒலித்தால் பெண் கல், ஒலியே எழும்பாவிட்டால் சிலைக்கு ஆகாது. நுண்விரிசல் நிறைந்த கல்லில் ஒலி ஒவ்வொரு விரிசலிலும் சிதறிச் சாகிறது. தீப்பட்ட தூணில் கையெட்டும் உயரத்திலிருந்து மேலே வரை சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் நின்று 'டொப்' என்று கேட்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். அங்கே தோல் உள்ளே விட்டுப்போயிருக்கிறது.

அதையே எண்ணாக்க, காதுக்குக் கேட்காத ஒலியைக் கல்லுக்குள் அனுப்பி அளக்கும் மீயொலிக் கருவி இருக்கிறது. நல்ல கருங்கல்லில் ஒலியலை வினாடிக்கு நாலரை முதல் ஆறு கிலோமீட்டர் வரை ஓடும். 600 டிகிரி கண்ட கல்லில் அது பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு எச்சரிக்கை: ஈரமான கல்லில் விரிசல்களைத் தண்ணீர் நிரப்பி வேகத்தைக் கூட்டிக் காட்டும். தீயணைப்புத் தண்ணீர் ஊறியிருக்கும் மறுநாளே அளந்துவிட்டு, கல் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால் அது தவறான சான்று. நன்றாக உலர்ந்த பிறகு அளக்க வேண்டும். தீப்படாத பகுதியிலுள்ள அதே வகைக் கல்லையும் அளந்து ஒப்பிட வேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தூணையும் உத்திரத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தூணில் வெளித்தோல் ஐந்தாறு சென்டிமீட்டர் கெட்டிருந்து உள்ளே ஒலி சரியாக ஓடினால், மிச்சமுள்ள குறுக்களவு பாரத்தைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு அப்படியே நிற்கவிடலாம். உதிர்ந்தது உதிர்ந்ததாகவே இருக்கட்டும். சிமென்ட் பூசி மூடினால் பின்னால் வருகிறவர்களுக்குக் கல்லின் நிலை தெரியாமல் போகும். உத்திரமும் கூரைப் பலகையும் அப்படியில்லை. அவற்றின் அடிப்பக்கம் சிவந்திருந்தாலோ, டொப்பென்று ஒலித்தாலோ, மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் உடனே முட்டுக் கொடுத்து, ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, இறக்கிவிட வேண்டும். இறக்கிய கல்லைத் தூக்கி எறிய வேண்டாம், தரைக்குப் பாவலாம். ஆனால் மறுபடி படுக்கையாகத் தூக்கி மேலே ஏற்றக் கூடாது. மதுரையில் வீரவசந்தராயர் மண்டபத்தை மறுபடி கட்டும் வேலைக்கு நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கத்திலிருந்து புதுக்கல் எடுத்தார்கள். அப்படிப் புதுக்கல் வரும்போது, கூரைக்குப் போகும் கற்களில் குவார்ட்ஸ் எவ்வளவு, அடிப்பக்கமாக வைக்கப்போகும் முகத்தில் ஏற்கெனவே நரம்போ விரிசலோ ஓடுகிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றாகத் தட்டியும் அளந்தும் குறித்து வைப்பது நல்லது. மறுபடி எப்போதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பு வேண்டும்.